ஐந்நூறு யூனிட்டுக்குள்

மார்ச் 3, திங்கள்

மூத்த மகள் வழிப் பேரன் சங்கரநயினாருக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. இரண்டு முறை விமானத்தில் போயிருக்கிறான், இரண்டு முறையும் ஜன்னல் சீட்டு. அவன் தங்கை மதுரையில் நர்சு. பெரிய டாக்டரே அவள் கையால்தான் ஊசி போட்டுக்கொள்வாராம். இளைய மகளின் பையன் பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் நூற்றுக்கு நூறு. மற்றப் பாடங்களைப் பற்றி நாம் கேட்க வேண்டியதில்லை. அவன் தம்பி எல்.கே.ஜி. பாஸ். மகன் கோமதிநாயகத்தின் ஒரே பிள்ளை செண்பகப்பிரியா ஒன்பதாம் வகுப்பு. ஹாக்கியில் பின்னால் நின்று எதிராளியை மறிக்கிறவள். நம் மாவட்டத்தில் பொறுக்கியெடுத்த நான்கு பேரில் ஒருத்தி. மே பத்தாம் தேதி திருச்சியில் முகாம், அங்கே தேறினால் மாநில அணி. இத்தனை பேரையும் பெற்றவர்களைப் பெற்றவள் நான், சீனியம்மாள். ஐந்தாம் வகுப்பு.

இதை முதலில் எழுதிவைக்கக் காரணம் உண்டு. இன்று வீட்டில் நடந்ததை மட்டும் எழுதினால் கௌரவக் குறைச்சலாக இருக்கும்.

கோமதி வேலை பார்க்கும் தீப்பெட்டி லேபிள் அச்சகத்தில் ஆர்டர் இல்லை. இனி வாரத்துக்கு நான்கு நாள்தான் வேலை, நான்கு நாள்தான் கூலி. அதே நாளில் செண்பகாவின் மட்டை விரிசல் விட்டது. அதே நாளில் ரீடிங் எடுக்கிறவர் வந்து, இரண்டு மாதத்துக்கு எழுநூற்று நாற்பத்திரண்டு யூனிட் என்று எழுதிவிட்டுப் போனார். பில் என் பெயருக்குத்தான் வரும். என் வீட்டுக்காரர் இருந்த காலத்திலேயே அப்படித்தான்.

"புது மட்டையெல்லாம் இப்ப முடியாதும்மா. டேப்பைச் சுத்தி ஆடட்டும்" என்றான் கோமதி.

"விரிசல் மட்டையோட முகாமுக்குப் போனா பந்தை மறிக்கிறதுக்குள்ள மட்டை பிளந்துரும்ப்பா" என்றாள் செண்பகா. அழவில்லை. அதுதான் என்னைத் தைத்தது.

ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் தாண்டியதற்கு மட்டுமல்ல, கீழே உள்ளதற்கும் விலையை ஏற்றிவிடுகிறார்கள். ஆகவே நான் எழுந்து நின்று சொன்னேன்: "அடுத்த ரீடிங்கு ஐந்நூறுக்குள்ள வரும். மிச்சமாகுற காசுல பிள்ளைக்கு மட்டை. நான் பொறுப்பு."

கோமதி சிரித்தான். "சரிம்மா. ஐந்நூறுக்குள்ள வந்தா மட்டை. ஒண்ணு கூடினாலும் டேப்பு."

மருமகள் தங்கமாரி ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் எனக்குப் பிடிப்பதில்லை.

மார்ச் 4, செவ்வாய்

கோமதிக்கு அச்சகத்தில் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. மீட்டர் எண்ணை எழுதிவைக்க எடுத்துக்கொண்டேன். மாடிப்படிக்கு அடியில் இரண்டு மீட்டர். முப்பது வருடமாக இடது பக்கம் நம்முடையது, வலது பக்கம் மாடி வீட்டுடையது. போன வருடம் பழைய பெட்டிகளைக் கழற்றி, எண் எரிகிற புதுப் பெட்டிகளை மாட்டினார்கள். ரீடிங் குறிக்கும் வெள்ளை அட்டையிலும் எண் இருக்கிறது, ஆனால் அந்த ஆள் எழுத்து கோழி கிளறியது போல. மீட்டர் இருக்கும்போது அட்டை எதற்கு.

பகலில் டியூப் லைட் கிடையாது. ஆளில்லாத அறையில் ஃபேன் கிடையாது. மிக்சி வாரத்துக்கு இரண்டு முறை. அறிவித்துவிட்டேன்.

மார்ச் 5, புதன்

ஒரு நாளைக்கு இரண்டே யூனிட்! ஒரே நாளில்! என் ஒரு வாய்ச்சொல்லுக்கு.

மார்ச் 9, ஞாயிறு

அதிசயம். இன்று இட்லி மாவு அரைத்தோம், யூனிபாரம் அத்தனையும் இஸ்திரி போட்டோம், தங்கமாரி மோட்டார் மிஷினில் ஏழு ஜாக்கெட் தைத்தாள். மீட்டர் அசையவே இல்லை. மாடியில் குடியிருக்கும் தபாலாபீஸ் ஞானராஜ் சார் வழக்கம்போல் சனிக்கிழமையே நாசரேத்துக்குப் போய்விட்டார். ஆள் இல்லாத மாடி நம் வீட்டுக்கும் குளிர்ச்சி தருகிறது போலும்.

அவருடைய மீட்டரைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை. நம் பெட்டியில் சிவப்புப் பொட்டு நிதானமாகச் சிமிட்டுகிறது. அவர் பெட்டியில் ஜுரம் கண்டது போல் துடிக்கிறது. பூட்டிய வீட்டுக்குள் எதை ஓடவிட்டுப் போனாரோ. ஒற்றை ஆள், இவ்வளவு ஊதாரித்தனமா? வந்ததும் நாசூக்காகச் சொல்ல வேண்டும்.

மார்ச் 10, திங்கள்

சொன்னேன். "சார், தனியா இருக்கிறவுக கொஞ்சம் கையைச் சுருக்கிக்கிடணும்."

"நான் சுருக்கமாத்தான ஆச்சி இருக்கேன்?" என்றார்.

"மீட்டர் வேற மாதிரில்லா சொல்லுது."

தலையைச் சொறிந்துகொண்டே மேலே போனார்.

தங்கமாரி இன்றைக்குத் தையல் மிஷினில் மோட்டாரைக் கழற்றிவிட்டுக் காலால் மிதிக்கிறாள். கேட்டால், "முட்டிக்கு நல்லது அத்தை" என்கிறாள். என் பேச்சுக்கு வீட்டில் இவ்வளவு மரியாதை இருப்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

மார்ச் 22, சனி

நாற்பத்துநான்கு. இந்த வேகத்தில் போனால் இரண்டு மாதத்துக்கு நூற்று ஐம்பதைத் தாண்டாது. நூறு யூனிட் இலவசம் வேறு. இன்னும் கொஞ்சம் முயன்றால் அவர்கள்தான் நமக்குத் தர வேண்டியிருக்கும்.

மார்ச் 30, ஞாயிறு

மகளிர் குழுவில் என்னைப் பேசச் சொன்னார்கள். எதிர்வீட்டு ஆறுமுகத்தாய்தான் ஏற்பாடு. இருபது பேர் இருந்தார்கள். "மின்சாரத்தை அடக்கி ஆள்வது எப்படி" என்று அரைமணி நேரம் பேசினேன். ஆறுமுகத்தாய் எழுந்து, "மதினி, எங்க வீட்ல மட்டும் எப்படி ஆறுநூறு ஆகுது?" என்று கேட்டாள்.

"மனசுல இருக்கு தாயி" என்றேன். கை தட்டினார்கள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பங்குனித் திருவிழாவுக்கு இரண்டு மகள்களும் பேரப்பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள். மீட்டரில் இடம் தாராளமாக இருப்பதால் தடையைத் தளர்த்தினேன். மூன்று அறையிலும் ஃபேன். கிரைண்டர் தினமும். எல்.கே.ஜி. பாஸ் ஆனவன் ஃபிரிட்ஜை நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து, "ஐஸ் ஆயிருச்சா?" என்று பார்க்கிறான். திறந்தால் திரும்ப மூடுவது பெரிய வேலை. கதவு ரப்பர் போய் நான்கு வருடமாகிறது. புது ரப்பருக்குக் காசைக் கொட்டாமல், என் பழைய சேலைக் கரையால் கட்டிவைத்திருக்கிறேன். இதையும் மகளிர் குழுவில் சொன்னேன்.

தங்கமாரி, "அத்தை, கொஞ்சம் பாத்து..." என்று ஆரம்பித்தாள்.

"என் மகளுக வந்தா மட்டும் ஒனக்குக் கணக்கு வருதோ?" என்றேன்.

வாயை மூடிக்கொண்டாள். ஒரு மாதிரி மூடிக்கொண்டாள்.

ஏப்ரல் 12, சனி

இன்று எழுதப் பிடிக்கவில்லை.

எழுதாமலும் இருக்க முடியவில்லை. காலையில் ஞானராஜ் சார் மாடியில் புது ஸ்விட்ச் மாட்ட ஆளைக் கூட்டி வந்து, தன் வீட்டு மெயினை அணைத்தார். நான் என் வழக்கப்படி மீட்டர் பார்க்கப் போனேன். அடுப்படியில் கிரைண்டர் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் நம் மீட்டரில் சிவப்புப் பொட்டு செத்துக் கிடக்கிறது. பக்கத்துப் பெட்டியில் பொட்டு குதிக்கிறது.

பிறகு போய்க் கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்தேன். குதிப்பு அடங்கியது. திரும்பப் போட்டேன். குதித்தது. ஆறு முறை செய்தேன். தங்கமாரி, "என்னத்தை, மாவு இன்னும் அரைபடலியே?" என்றாள். "கல்லு சூடாகுது" என்றேன்.

வெள்ளை அட்டையை எடுத்துக்கொண்டு போய்ப் படிக்கட்டு வெளிச்சத்தில் பார்த்தேன். கோழி கிளறினாலும் எண் எண்தான், அது வலது பெட்டியோடுதான் பொருந்துகிறது. புதுப் பெட்டி மாட்டியவர்கள் இடம் வலத்தை மாற்றி மாட்டியிருக்கிறார்கள். நாற்பது நாளாக நான் எழுதியது ஞானராஜ் சாருடைய சிக்கனம்.

நம் வீடு முந்நூற்று எழுபத்திரண்டு. இன்னும் இருபது நாள் இருக்கிறது.

யாரிடமும் சொல்வதாக இல்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

மகள்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். ஐஸ் கேட்டு அழுதவனையும் கூட்டிக்கொண்டு.

எல்லாரையும் உட்காரவைத்து, செண்பகவல்லி அம்மனுக்கு நேர்ச்சை என்று சொன்னேன். பேத்தி அணியில் சேரும் வரை வீட்டில் மிக்சி, கிரைண்டர் சத்தம் கேட்கக் கூடாது. டி.வி. கூடாது. ஒரே ஃபேன், அதன் கீழேயே எல்லாரும் படுக்க வேண்டும்.

"ஃபேனுக்கும் அம்மனுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றான் கோமதி.

"காத்து அதிகமானா தீபம் அணைஞ்சிரும்லா."

"நாடகம் பாக்காம உங்களால இருக்க முடியுமா ஆச்சி?" என்றாள் செண்பகா.

"அதுல மாமியாரை ரொம்பக் கெட்டவளாக் காட்டுதாக. வெறுத்துப்போச்சு."

தங்கமாரி மட்டும் எழுந்து போய் அம்மியைக் கழுவி வைத்தாள். உடம்புக்கு முடியவில்லையோ என்னவோ.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். வடைக்கு உளுந்தை ஆட்டுரலில் ஆட்டினேன். இடுப்பு இரண்டாகிவிட்டது. பாதியில் தங்கமாரி வந்து, "விரதம் வீட்டுக்கே தானே அத்தை, நகருங்க" என்று குழவியைப் பிடுங்கிக்கொண்டாள். வடை நன்றாக வந்தது. சொல்லவில்லை.

இத்தனைக்கும் எட்டு யூனிட். வலது பக்கம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மகளிர் குழுவில் அடுத்த பேச்சுக்குக் குறிப்பு வேண்டும் என்று சொல்லிக்கொண்டு மாடிக்குப் போனேன். "உங்களுக்கு எப்படி சார் இவ்வளவு குறைச்சலா ஆகுது?"

"போன மாசம் கையைச் சுருக்கச் சொன்னீங்களே ஆச்சி?"

"அது பொதுவாச் சொன்னது."

நல்ல மனுஷன். மேலே கேட்கவில்லை. என்னோடு கீழே வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஃபிரிட்ஜ் முன்னால் நின்றார். சேலைக் கரையை அவிழ்த்தார். கதவு தானாக வாயைத் திறந்தது.

"ஆச்சி, இந்த வீட்ல கரண்டைத் தின்கிறது ஃபேனும் இல்ல, மிக்சியும் இல்ல. இவருதான். ராத்திரி பகலா மூச்சு வாங்க ஓடிக்கிட்டிருக்காரு."

"ரப்பருக்குக் காசு செலவழிக்கக் கூடாதுன்னு..."

"நாலு வருஷம் மிச்சம் பிடிச்சிருக்கீங்க" என்றார். அவர் அதைச் சொன்ன விதம் பாராட்டு மாதிரித்தான் இருந்தது. முகம் அப்படி இல்லை.

ஏப்ரல் 16, புதன்

ரப்பர் மாற்றியாயிற்று. வந்த மெக்கானிக் கதவு இடுக்கில் முழங்கை வரை விட்டுக் காட்டி, "தெருவையே குளிர வச்சிருக்கீக ஆச்சி" என்றான். அவனுக்குக் காபி கொடுக்கவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

எதிர்வீட்டு ஆறுமுகத்தாய் வீட்டில் ஏழு மணிக்கு உட்கார்ந்திருந்தபோது தற்செயலாக நாடகம் ஓடியது. தற்செயலாக அவர்கள் ஃபேனும் ஓடியது. செண்பகாவையும் அங்கேயே படிக்கச் சொன்னேன். கோமதி அச்சகத்தில் போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டு வருகிறான். தங்கமாரி ஈரத் துணியை ஜன்னலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். இந்த யோசனை எனக்கு முன்பே தோன்றியிருந்தது.

செண்பகா தினமும் விடியற்காலையில் விரிசல் மட்டையோடு மைதானத்துக்குப் போகிறாள். டேப் சுற்றிச் சுற்றி அது கட்டுப் போட்ட கால் போலிருக்கிறது.

ஏப்ரல் 30, புதன்

நானூற்று எண்பத்தேழு. ரீடிங் மே இரண்டு. பிழைத்தோம்.

மே 2, வெள்ளி

நானூற்றுத் தொண்ணூற்றைந்து. காலை எட்டு மணிக்கே அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். ஒன்பது ஆயிற்று, பத்து ஆயிற்று, வெயில் ஏறிற்று. ஆள் வரவில்லை. கோமதி போன் போட்டுக் கேட்டான். அந்த ஆள் வீட்டில் பிள்ளைக்குக் காது குத்து. திங்கட்கிழமைதான் வருவார்.

ஒரு பிள்ளை காதில் ஓட்டை போடுவதற்கு நம் வீட்டில் ஓட்டை விழ வேண்டுமா?

மூன்று நாள் இருக்கிறது, ஐந்து யூனிட்டுக்கு மேல் போகக் கூடாது. நான் போய் மெயினை இறக்கினேன்.

மே 3, சனி

ஃபிரிட்ஜில் இருந்ததையெல்லாம் ஆறுமுகத்தாய் வீட்டில் வைத்தோம். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்தோம். தெரு முழுக்க விசாரிக்கிறது, ஃபியூஸ் போய்விட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன். கோமதி பனியனைப் பிழிந்துகொண்டே, "எம்மா, ஒரு மட்டைக்காக நாம குகையிலயா குடியிருக்கணும்?" என்றான்.

"பத்தாம் தேதி வரைக்கும் பொறுங்களேன்" என்றாள் தங்கமாரி. "அத்தை என்ன தனக்கா கேட்டாக?"

கையிலிருந்த விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டு, தண்ணீர் குடித்தேன்.

மே 4, ஞாயிறு

அதே.

மே 5, திங்கள்

காலையில் இரண்டு மணி நேரம் மெயினைப் போட்டுத் தொட்டியில் தண்ணீர் ஏற்றினோம், துணி இஸ்திரி போட்டோம். நானூற்றுத் தொண்ணூற்றெட்டு. திரும்ப இறக்கினேன். நாய் நுழையாமலிருக்கக் கேட்டைப் பூட்டிவிட்டு, புழக்கடை வேப்ப மரத்தடியில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அங்கேதான் காற்று. அழைப்பு மணி அடித்தால் கேட்கும் தூரம்தான்.

பதினொரு மணிக்கு எதிர்வீட்டிலிருந்து ஆறுமுகத்தாய் கத்தினாள்: "சீனி மதினி! ரீடிங்காரரு பெல்லை அடிச்சு அடிச்சுப் பாத்துட்டுப் போறாரு! நீங்க எங்க போய்த் தொலைஞ்சீக?"

மெயினை இறக்கினால் மணி அடிக்காது என்பது என் புத்தியில் ஏறவே இல்லை.

"கதவு பூட்டுன்னு எழுதிட்டாருன்னா போன தடவை பில்லையே கட்டச் சொல்லிருவாகம்மா!" என்று கோமதி தலையில் கை வைத்தான். எழுநூற்று நாற்பத்திரண்டு! சாவியைத் தேடினேன். சாவி என் இடுப்பிலேயே இருந்தது, அதைத் தவிர எல்லா இடத்திலும் தேடினேன்.

செண்பகா காத்திருக்கவில்லை. மட்டையோடு கேட்டில் ஏறிக் குதித்தாள். அந்த ஆள் தெருமுனையில் பைக்கைக் கிளப்பிவிட்டார். இவள் சந்து வழியாகப் பாய்ந்து முன்னால் போய், நடுத்தெருவில் குனிந்து, மட்டையைத் தரையோடு தரையாக நீட்டி மறித்து நின்றாள். ஹாக்கி என்றால் என்ன என்று எனக்கு இன்றைக்குத்தான் புரிந்தது.

அந்த ஆள் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "ஏம்மா, காது குத்துக்கு லீவு போட்டது குத்தமாம்மா? அடிச்சுராத!"

"அடிக்கலை சார். வீட்ல ஆளு இருக்கோம். வந்து எழுதுங்க."

அவர் வந்தபோது பின்னால் பாதித் தெருவும் வந்தது. மகளிர் குழுவில் எட்டுப் பேர் இருந்தார்கள். அவர் குனிந்து சத்தமாகப் படித்தார்: "மாடி வீடு, நூத்தி முப்பத்தொண்ணு. கீழ் வீடு, சீனியம்மாள்... நானூத்தித் தொண்ணூத்தெட்டு."

கோமதி என்னைத் தூக்கிவிட்டான். இந்த வயதில். செண்பகா விசில் அடித்தாள்.

அப்போதுதான் ஆறுமுகத்தாய், "மதினி, திருவிழா சமயத்துல எண்பதுதான் ஆயிருக்குன்னு குழுவுல சொன்னீகளே? ஒரு மாசத்துல நானூறு எப்படி ஏறுச்சு?" என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தபால் கட்டோடு அந்த வழியாக வந்து நின்ற ஞானராஜ் சார் வானத்தைப் பார்த்தார். என் வாயில் அம்மன் பெயர்கூட வரவில்லை.

தங்கமாரி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "அத்தை வேணும்னேதான் குறைச்சுச் சொன்னாக. உள்ளதைச் சொன்னா நீங்கள்லாம், 'ஆமா, இவுகளுக்கே இப்படின்னா நமக்கென்ன'ன்னு அன்னைக்கே ஃபேனைப் போட்டுட்டுப் படுத்திருப்பீகல்லா? இப்ப உங்க எல்லா வீட்லயும் குறைஞ்சிருக்கா இல்லையா?"

குறைந்திருக்கிறதாம். ஆறுமுகத்தாய்க்கு ஐம்பது குறைந்திருக்கிறது.

எல்லாரும் போனபிறகு அடுப்படிக்குப் போனேன். "எப்பத் தெரியும் ஒனக்கு?"

"மார்ச் ஒன்பதுலயே தெரியும் அத்தை. ஏழு ஜாக்கெட் தைச்சு மீட்டர் அசையலேன்னா சந்தேகம் வராதா?"

அன்றிலிருந்து காலண்டருக்குப் பின்னால் வலது பக்க எண்ணை எழுதி வந்திருக்கிறாள். தையல் மோட்டாரைக் கழற்றியதும் அதற்குத்தான்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா கேட்டிருப்பீகளா?"

யோசித்துப் பார்த்தேன். "கேட்டிருக்க மாட்டேன்" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் சிரித்துக்கொண்டே போய் மெயினைப் போட்டாள். ஃபேன் ஓடியது. நிறுத்தச் சொல்லவில்லை.

இந்த வெற்றியில் தங்கமாரிக்கும் ஓரளவு பங்கு உண்டு என்று எழுதிவைக்கிறேன்.

மே 7, புதன்

கோமதி சொன்ன சொல் தவறவில்லை. மட்டை வந்தது. கறுப்பு நிறம், தட்டினால் இரும்பு போல் சத்தம். செண்பகா அதைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். தங்கமாரி ஒரு உறை தைத்துக் கொடுத்தாள், காலால் மிதித்து.

மே 9, வெள்ளி

பிள்ளையைத் திருச்சி ரயில் ஏற்றிவிட்டு வந்தோம்.

மே 14, புதன்

தேறிவிட்டாள். மாநில அணி. ஞானராஜ் சாருக்கும் ஆறுமுகத்தாய்க்கும் ரீடிங்காரருக்கும்கூடச் சொல்லிவிட்டேன், அவர் அந்தப் பக்கம் சைக்கிள் கடையில் நின்றிருந்தார்.

சாயங்காலம் செண்பகா குடும்ப வாட்ஸப் குழுவில் படம் போட்டிருந்தாள். தங்கமாரி போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள். இருபது பெண்பிள்ளைகள், முகாம் ஹால், ஜன்னலுக்கு வெளியே பட்டப்பகல் வெயில். மேலே பதினோரு டியூப் லைட் எரிகிறது. எண்ணினேன். ஆள் இல்லாத மூலையில் இரண்டு ஃபேன் வேறு ஓடுகிறது. நம் பிள்ளை மட்டையை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். மட்டை நன்றாக விழுந்திருக்கிறது, பிள்ளையைத்தான் காணோம்.

தங்கமாரியைப் பேச்சைப் பதிவு பண்ணி அனுப்பச் சொன்னேன்: "ஏட்டி செண்பகா, ஆச்சி பேசுதேன். அந்த லைட்டையெல்லாம் அணைச்சுட்டு, மட்டையைக் கொஞ்சம் கீழ இறக்கி, முகம் தெரியிற மாதிரி வேற ஒரு போட்டோ எடுத்துப் போடு."